இடியாப்பத்தின் சுற்றத்தார்

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் முதல் மாதத்திலேயே இரண்டு வழிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார். ஒன்று, விடுதியிலிருந்து வகுப்பறைக்குச் செல்லும் வழி. மற்றொன்று, இட்டிலி கிடைக்கும் இடத்துக்குச் செல்லும் வழி. கரோல் பாக், இராமகிருஷ்ணபுரம், முனீர்க்கா என்று அந்த இடங்களின் பட்டியல் மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதில் குறை காண எதுவுமில்லை. தேர்வுக் காலத்தில் ஒரு கிண்ணம் சாம்பார் தரும் தெம்பை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆனால் அந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறவர், தம்மைப் போலவே தொலைவிலிருந்து வந்து, தம்மைப் போலவே வீட்டுச் சோற்றுக்கு ஏங்கி, இந்நகரில் தமக்கென்று ஓர் அடுப்பு மூட்டிக்கொண்ட வேறு பல மக்களைக் காணாமலே ஊர் திரும்பிவிடுகிறார்.

அம்மக்களில் பலருடைய தட்டில் நடுநாயகமாக இருப்பது நூடுல்ஸ். எம்.எஸ்ஸி. வேதியியல் பயிலும் நானும், மதுரை நண்பர் ஒருவரும், சேலத்து நண்பர் ஒருவரும் கடந்த ஓராண்டாகச் சனிக்கிழமை மாலைகளில் இந்த உணவைத் தேடி அலைந்து வருகிறோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மெட்ரோவின் மஞ்சள் தடம் ஒன்றே போதும். பல்கலைக்கழக நிலையத்துக்கு அடுத்த விதான் சபா நிலையத்தில் இறங்கி ரிக்‌ஷா பிடித்தால் திபெத்தியர் வாழும் மஜ்னு கா டில்லா. தெற்கே ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கினால், 1994-இல் தொடங்கப்பெற்ற தில்லி ஹாட். அங்கே பல மாநிலங்களின் உணவுக் கடைகள் ஒரே வளாகத்தில் உள்ளன. அதற்கும் இரண்டு நிலையம் தள்ளிக் கிரீன் பார்க்கில் இறங்கினால், வடகிழக்கு மாநில மக்கள் நிறைந்த ஹுமாயூன்பூர்.

எந்தக் கடையில் எது சுவை என்று எழுதினால் படிப்போர்க்குப் பசி எழும். அறிவு வளருமா என்பது ஐயம். ஆகவே இக்கட்டுரையில் வேறு சில கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மாவு எப்படி நூலாகிறது? நம் இடியாப்பத்துக்கும் அதற்கும் என்ன உறவு? அந்த உறவை அறிவதால் தில்லியில் வாழும் நமக்கு ஆகும் பயன் என்ன?

மாவு நூலாகும் விதம்

கோதுமை மாவில் ஒரு பிடியும் அரிசி மாவில் ஒரு பிடியும் எடுத்துத் தனித்தனியே தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். கோதுமை மாவு இழுத்த இழுப்புக்கு வரும். அரிசி மாவு உதிர்ந்துபோகும். வேறுபாட்டுக்குக் காரணம் புரதம்.

கோதுமை மாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு புரதம் உண்டு. அதில் பெரும்பகுதி குளூட்டெனின், கிளையாடின் என்னும் இருவகைகளைச் சேர்ந்தது. தண்ணீர் சேர்ந்து கை பிசையும்போது இவ்விரண்டும் பின்னிக்கொண்டு ஒரு வலையாகின்றன. அந்த வலைக்குக் குளூட்டன் என்று பெயர். இழுத்து விட்டால் மாவு சுருங்கிப் பழைய நிலைக்கு வர முயல்வது குளூட்டெனினால். இழுக்க இழுக்க அறுந்துபோகாமல் நீள்வது கிளையாடினால்.

நம் ஊர்ப் புரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிசைந்த வேகத்தில் இறுகிய வலை அந்த ஓய்வில் தளர்ந்து கொடுக்கிறது. அதன் பின்னரே அவரால் மாவை வீசி மெல்லிய துகில்போல் விரிக்க முடிகிறது. சீனத்தில் கையால் இழுத்து நூடுல்ஸ் செய்பவரும் இந்த ஓய்வுக்குக் காத்திருக்கிறார். பிறகு இரு முனைகளையும் பற்றி இழுக்கிறார், மடிக்கிறார், மீண்டும் இழுக்கிறார். ஒவ்வொரு மடிப்பிலும் இழைகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டாவது மடிப்பில் 256 இழைகள் அவர் கையில் தொங்குகின்றன. கத்தியும் அச்சும் இல்லாமல் நடக்கும் கணக்கு இது.

அரிசியில் புரதம் இருந்தும் இத்தகைய வலை பின்னுவதில்லை. எனவே அரிசி உண்ணும் நாட்டினர் ஸ்டார்ச் என்னும் மாப்பொருளின் துணையை நாடினர். ஸ்டார்ச் சிறுசிறு மணிகளாக மாவில் கிடக்கிறது. தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்கினால், அரிசியின் வகைக்கேற்ப 60 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள் அம்மணிகள் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகின்றன. அவற்றிலிருந்து அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. சூடு ஆறும்போது அச்சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி மாவுக்கு உறுதி தருகின்றன.

இப்போது நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். இடியாப்ப மாவில் அம்மா கொதிநீரை ஊற்றிக் கிளறுவது ஏன்? ஸ்டார்ச்சில் ஒரு பகுதியைக் கூழாக்கி, குளூட்டன் செய்யாத வேலையை அதனைக் கொண்டு செய்வதற்கே. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உரலிலிருந்து நூலுக்குப் பதில் துணுக்குகளே விழும். சேவை செய்வோர் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றனர். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, உருண்டை பிடித்து வேகவைத்து, சூடு ஆறுமுன் நாழியில் இட்டுப் பிழிகின்றனர். ஆறினால் அமைலோஸ் இறுகிவிடும். பிறகு எத்தனை பேர் சேர்ந்து அழுத்தினாலும் நாழி அசையாது. தென்கிழக்கு ஆசியாவின் அரிசி நூடுல்சும் இதே தத்துவத்தில் அமைந்தவைதாம்.

காலையில் மிஞ்சிய இடியாப்பத்தை மாலையில் உதிர்த்துத் தாளிப்பதும் வேதியியல் அறிந்த செயலே. சூடான இடியாப்பத்தைத் தாளித்தால் குழைந்துவிடும். ஆறி விறைத்தது இழை இழையாக நிற்கும். ஓட்டலில் நூடுல்சை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஆறவிட்டு, பிறகு வாணலியில் புரட்டுவதும் இக்காரணத்தால்தான்.

நாலாயிரம் ஆண்டுக் கிண்ணம்

நூடுல்சை முதலில் கண்டவர் யார் என்று சீனரும் இத்தாலியரும் வழக்காடுவதுண்டு. மார்க்கோ போலோ அதைச் சீனத்திலிருந்து இத்தாலிக்குக் கொண்டுசென்றார் என்பது வெறுங்கதை. அவர் திரும்பு முன்பே இத்தாலியில் அவ்வகை உணவு இருந்தது.

மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்று ஒன்று உண்டு. சீனத்தின் வடமேற்கில் உள்ள சிங்ஹாய் மாநிலத்தில் லாஜியா என்னும் இடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்துக்குள் ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழமையான நூலுணவு கிடைத்ததாக 2005-இல் நேச்சர் என்னும் ஆய்விதழ் வெளியிட்டது. அந்த ஊர் நிலநடுக்கத்தாலும் வெள்ளத்தாலும் அழிந்த ஊர். உண்ண அமர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கிண்ணம் மட்டும் நமக்குக் கிடைத்தது.

அதில் இருந்த தானியம் கோதுமையும் இல்லை, அரிசியும் இல்லை. தினையும் பனிவரகும்! தினையில் குளூட்டன் கிடையாது. அதை எப்படி இழுத்து நூலாக்கியிருக்க முடியும் என்று சில அறிஞர்கள் ஐயம் எழுப்பினர். கூழாக்கிய மாவைத் துளையுள்ள கருவியில் இட்டு அழுத்திப் பிழிந்தால் தினை மாவும் நூலாகும் என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2014-இல் செய்துகாட்டினர். அதாவது, அவர்கள் காட்டிய வழி நம் பாட்டிமார் இடியாப்ப உரலில் செய்துவரும் வழி. இதைக் கொண்டு இடியாப்பம் சீனம் சென்றதென்றோ, சீனத்திலிருந்து வந்ததென்றோ நான் வாதிட வரவில்லை. குளூட்டன் இல்லாத மாவை வைத்துக்கொண்டு நூல் செய்ய நினைத்தவர்கள் எங்கிருந்தாலும் இவ்வழிக்கே வந்து சேர்ந்திருப்பார்கள் என்பதே என் கருத்து.

யமுனைக் கரையில் ஓர் ஆய்வுக்கூடம்

பல்கலைக்கழகத்துக்கு மிக அருகில் உள்ள நூடுல்ஸ் ஊர் மஜ்னு கா டில்லா. 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்த பின், அவரைத் தொடர்ந்து வந்த திபெத்திய அகதிகள் 1960-களில் யமுனைக் கரையில் குடியமர்ந்த இடம் அது. அரசாங்க ஏட்டில் அதற்கு நியூ அருணா நகர் என்று பெயர். சந்துகள் குடை விரிக்க முடியாத அளவுக்குக் குறுகியவை. மேலே வண்ண வண்ண மந்திரக்கொடிகள். கீழே கிண்ணங்களில் ஆவி பறக்கும் துக்பா.

துக்பா என்பது நூடுல்ஸ் இட்ட சாறு. கையால் தட்டையாக இழுத்துப் பிய்த்துப் போட்டால் தென்துக். குளிர்காலத்தில் மூக்கு உறைந்து நிற்கும் தில்லி இரவில் ஒரு கிண்ணம் தென்துக் குடித்தவர் மிளகு இரசத்தை நினைக்காமல் இருக்க மாட்டார். இவ்வுணவு திபெத்தின் மலைவாழ்வுக்கு எவ்வளவு பொருந்தியது என்பதை இயற்பியல் சொல்லும். லாசா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுப் பருப்பு அந்தச் சூட்டில் எளிதில் வேகாது. மெல்லிய மாவுத் துண்டுகளோ விரைவில் வெந்துவிடும். கோதுமை ஸ்டார்ச் கூழாவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை.

வேதியியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது லாபிங். தெருவோரத்தில் சிறு மேசை போட்டு விற்கும் ஓர் அம்மையாரிடம் அதை முதலில் உண்டோம். திபெத்தியர் அவரை ஆச்சா-லா என்று அழைக்கின்றனர். அக்கா என்று பொருள். ஆச்சி என்று பெரியோரை அழைத்துப் பழகிய திருநெல்வேலிக்காரனாகிய எனக்கு அந்த ஒலி ஒற்றுமை, தற்செயலானதே எனினும், இனித்தது. லாபிங் செய்வது எப்படி என்று கேட்டேன். அவர் இந்தியில் விளக்கியபோது எனக்கு ஆய்வுக்கூடத்தில் நிற்பது போலவே இருந்தது.

கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைய வேண்டும். அந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கசக்கிக் கழுவ வேண்டும். தண்ணீர் பால்போல் வெளுக்கும். கையில் ரப்பர் போன்ற ஒரு பிண்டம் எஞ்சும். வெளுத்த நீரை அசையாமல் வைத்தால் ஸ்டார்ச் அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, படிந்த கூழுக்கு மஞ்சள் நிறம் ஊட்டித் தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆவியில் வேகவைத்தால் வழுவழுப்பான தகடு கிடைக்கும். ரப்பர் போன்ற பிண்டத்தையும் வேகவைத்துத் துண்டாக்கித் தகட்டுக்குள் வைத்துச் சுருட்டி நறுக்கி, சோயாச் சாறு, காடி, பூண்டு நீர், மிளகாய் எண்ணெய் ஆகியவற்றை ஊற்றித் தருகிறார்கள். பாசிப்பயற்றின் ஸ்டார்ச்சைக் கொண்டு செய்யும் வெள்ளை லாபிங்கும் உண்டு.

அந்த ரப்பர் பிண்டந்தான் குளூட்டன். இத்தாலியில் பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி என்பவர் கோதுமை மாவை இப்படியே நீரில் கழுவி ஸ்டார்ச் வேறு, குளூட்டன் வேறு என்று பிரித்துக் காட்டினார். அவருடைய கட்டுரை 1745-இல் அச்சாயிற்று. புரத வேதியியலின் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். அந்தச் சோதனை மஜ்னு கா டில்லாவின் சந்துகளில் நாள்தோறும் நடக்கிறது; பிரித்த இரண்டையும் மீண்டும் சேர்த்து நமக்கு உண்ணவும் கொடுக்கிறார்கள்.

அப்பளக்காரம் செய்யும் வேலை

சில நூடுல்ஸ் முட்டை சேராமலே மஞ்சளாக இருப்பதையும், பல்லுக்கு இழுவையாக இருப்பதையும் கண்டிருப்பீர்கள். மாவில் சிறிது காரப்பொருள் சேர்ப்பதே அதற்குக் காரணம். இங்கே காரம் என்றது மிளகாயை அன்று. சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்புகளை. காரம் பட்டதும் குளூட்டன் வலை மேலும் இறுகுகிறது. கோதுமையில் இயல்பாக உள்ள நிறமற்ற சில பொருள்கள் காரத்தில் மஞ்சளாக மாறுகின்றன. மஞ்சள்தூளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறதல்லவா, அதுபோன்ற மாற்றம் இது.

சீனத்தின் லான்சோ நகரில் பழைய நாளில் ஒருவகைப் பாலைநிலச் செடியை எரித்து, அச்சாம்பலின் காரத்தை நூடுல்ஸ் மாவில் சேர்த்தனர். வடநாட்டில் உவர்நிலச் செடிகளைச் சுட்டெடுத்த சாஜி என்னும் காரத்தைப் பப்பட மாவில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. நம் வீடுகளில் உளுந்து மாவோடு சேர்ந்தது அப்பளக்காரம். கோதுமைப் புரதமும் உளுந்துப் புரதமும் வேறானவை; ஆயினும் ஒரு பிடிச் சாம்பல் மாவின் குணத்தை மாற்றும் என்பதை மூன்று இடத்து மக்களும் தாமே கண்டறிந்திருக்கின்றனர்.

சீனம் என்று நாம் சொல்வது

விடுதி வாயிலில் தள்ளுவண்டியில் ‘சைனீஸ்’ என்று எழுதியிருக்கும். அங்கே கிடைக்கும் ஹக்கா நூடுல்சும் கோபி மஞ்சூரியனும் சீனத்தில் உள்ளவர்க்குத் தெரியாதவை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

அவற்றின் ஊர் இந்தியாவே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோங் ஆச்சியூ என்னும் சீன வணிகர் கல்கத்தா அருகே நிலம் பெற்றுக் குடியேறினார். அவர் பெயரால் ஆச்சிப்பூர் என்று ஓர் ஊரே உள்ளது. அவருக்குப் பின் பலர் வந்தனர். அவர்களுள் ஹக்கா இனத்தார் தாங்ராவில் தோல் பதனிட்டனர். உணவு விடுதிகளும் நடத்தினர். ஹக்கா நூடுல்ஸ் என்னும் பெயரில் நிற்பது அவர்கள் நினைவே. கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975-இல் பம்பாயில் கிரிக்கெட் மன்றத்தில் சமையல் செய்தபோது, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு மசாலாவுக்குப் பதில் சோயாச் சாற்றைச் சேர்த்துக் கோழி மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவர் வந்தமர்ந்து சைவர்களையும் மகிழ்வித்தது.

இந்தச் சுவைக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 1962-இல் சீனப் போர் மூண்டபோது, இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சீனர் ஏறக்குறைய 3,000 பேர் இராசஸ்தானத்தில் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். முகத்தைப் பார்த்து மனிதரின் நாட்டை முடிவு செய்தால் என்ன நேரும் என்பதற்கு அது ஒரு பாடம்.

அஜினமோட்டோ பற்றியும் ஒரு சொல். 1908-இல் ஜப்பானிய வேதியியலார் இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்னும் பொருளைப் பிரித்து, அதுவே அந்தச் சாற்றின் தனிச்சுவைக்குக் காரணம் என்று காட்டினார். அதன் சோடிய உப்பு அடுத்த ஆண்டே அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், சீன உணவு விடுதியில் உண்டபின் கழுத்து மரத்துப்போவதாக ஒருவர் கடிதம் எழுதினார். அன்றுமுதல் அச்சம் பரவிற்று. ஆனால், உண்பவருக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், உணவில் சேரும் அளவுக்கு அத்தீமை ஒரே சீராகத் தோன்றவில்லை. நாம் சாம்பாரில் இடும் தக்காளியிலும் குளூட்டமேட் இயற்கையாகவே உண்டு.

மணமும் நாற்றமும்

பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்தைக் குறித்தது. இன்று அது கெட்ட வாடையைக் குறிக்கிறது. ஒரே சொல்லின் பொருள் இப்படி மாறக்கூடுமானால், ஒரே மணம் ஒருவர்க்கு இனிதாகவும் மற்றொருவர்க்குக் கொடிதாகவும் இருப்பதில் வியப்பில்லை.

சஃப்தர்ஜங் என்கிளேவ் பகுதியின் மாளிகைகளுக்கிடையே சிக்கிக்கொண்ட பழைய கிராமம் ஹுமாயூன்பூர். அங்கே நாகாலாந்து, மணிப்பூர், மேகாலயா, அருணாசலப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் உணவு விடுதிகள் அடுத்தடுத்து உள்ளன. சூமி நாகர்களின் அக்குனியை அங்கேதான் சுவைத்தேன். சோயா மொச்சையை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்பங்கரைச் சூட்டில் சில நாள் வைத்துப் புளிக்கச் செய்வது அக்குனி. பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் நுண்ணுயிர் மொச்சையின் புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைக்கிறது. அவற்றுள் ஒன்று குளூட்டமேட், எனவே சுவை. உடன் பிறப்பது அம்மோனியா, எனவே வாடை. மணிப்பூரின் ஹவாய்ஜார், மேகாலயத்தின் துங்ரும்பாய், ஜப்பானியரின் நாட்டோ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். இட்டிலி மாவையும் நுண்ணுயிரே புளிக்கச் செய்கிறது. அங்கே பிறப்பது அமிலமும் வாயுவும் ஆதலால் மூக்கு முகம் சுளிப்பதில்லை.

தில்லிக் காவல்துறை 2007-இல் வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்குனி போன்ற வாடையுள்ள உணவுகளை அக்கம்பக்கத்தில் சலசலப்பு உண்டாகாதவாறு சமைக்கவேண்டும் என்று அதில் அறிவுரை இருந்தது. பலத்த கண்டனமும் எழுந்தது. ஒரு திருமண விருந்துக்காக தில்லியில் அக்குனி சமைக்க இடம் தேடி அலையும் நண்பர்களைப் பற்றி நிக்கோலஸ் கர்கோங்கோர் 2019-இல் அக்குனி என்ற பெயரிலேயே ஒரு திரைப்படம் எடுத்தார்.

இது பிறர் கதை என்று நாம் ஒதுங்க முடியுமா? என் மதுரை நண்பர் முன்பு தனி அறை எடுத்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தார். அரைமணி நேரத்தில் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அந்த மாதக் கடைசியில் நண்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். ஹுமாயூன்பூர் விடுதியில் மணிப்பூர் மாணவர் ஒருவரோடு மேசையைப் பகிர்ந்துகொண்டபோது இதைச் சொன்னோம். அவர் சிரித்து, தாமும் ங்காரி என்னும் புளித்த மீனால் அறை இழந்தவர் என்றார். அரைமணி முன்புவரை பெயர் தெரியாத அவர் அன்றுமுதல் எங்கள் நண்பர்.

எல்லாம் சிரிப்போடு முடிவதில்லை. 2014 சனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா லஜ்பத் நகரில், தம் தலைமுடியைக் கேலி செய்தவர்களோடு எழுந்த சச்சரவில் தாக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார். அதன்பின் நடுவண் அரசு பெஸ்பருவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. எல்லாரையும் ‘மதராசி’ என்று ஒரே சொல்லில் அடக்குகிறார்களே என்று நாம் வருந்துகிறோம். நம் விடுதித் தாழ்வாரத்தில், இந்நாட்டின் குடிமக்களைச் ‘சீனாக்காரன்’ என்று நம்மவர் சிலரே அழைப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். முன்னதற்கு வருந்தும் உரிமை பின்னதை நிறுத்துகிறவர்க்கே உண்டு.

தமிழர் சுமந்த நூல்

கடல் கடந்த தமிழர் இந்த உணவுக்கு அயலார் அல்லர். பர்மாவில் 1962-இல் படையினர் ஆட்சியைக் கைப்பற்றிக் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கிய பின், லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்நாட்டை விட்டு வந்தனர். அவர்களுள் தமிழர் பலர். சொத்தைக் கொண்டுவர முடியாதவர்கள் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள். சென்னையில் 1969-இல் பர்மா பசார் தோன்றியது. அதன் அருகே இரண்டாம் கடற்கரைச் சாலையில் அத்தோ விற்கும் வண்டிகள் நிற்கின்றன. நூடுல்சோடு முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தருவது அத்தோ; கலந்து பிசைந்தது என்னும் பொருள்படும் பர்மியச் சொல்லே நம் நாவில் இப்படித் திரிந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சாறு.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. நம் இடியாப்பம் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று புத்து மாயம் என்ற பெயரில் தேங்காய்த்துருவலும் வெல்லமும் சேர்த்து உண்ணப்படுகிறது. இலங்கையில் சிங்களவரும் அதை இந்தியாப்ப என்று தம் உணவாகவே கொண்டுள்ளனர். மலேயாவின் தமிழ் முசுலிம் கடைக்காரர்கள் சீனரின் நூடுல்சை வாங்கி, மிளகாய் விழுதும் தக்காளியும் சேர்த்து மீ கோரெங் ஆக்கினார்கள். உணவு வேற்றூருக்குப் போகும்போது பெயரை விட்டுக்கொடுக்கிறது. சில நேரம் சுவையையும் விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் அது அங்கே பிழைத்துக்கொள்கிறது.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

புறப்பட எண்ணுவோர்க்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

சைவ உணவினர் தயங்க வேண்டியதில்லை; எங்கள் சேலத்து நண்பர் சைவரே. ஆனால் நூடுல்சில் இறைச்சி இல்லை என்பதோடு நில்லாமல், சாறு எலும்பில் காய்ச்சியதா, மீன் சாறு சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பணிவாகக் கேட்டால் பணிவாகவே விடை கிடைக்கும்.

குச்சியால் உண்ண வராதவர் முள்கரண்டி கேட்கலாம். ஒருவரும் நகைக்க மாட்டார். சூடான நூடுல்சை உறிஞ்சும்போது ஓசை எழுந்தால் கூச வேண்டாம். கூடவே காற்றும் உள்ளே போவதால் சூடு தணிகிறது, மணமும் மூக்கை நன்கு எட்டுகிறது.

மூவராகச் செல்லுங்கள். ஆளுக்கொரு வகை வாங்கிப் பகிர்ந்தால் ஒரே செலவில் மூன்று சுவை கிடைக்கும். முதல் முறை பிடிக்காததை இன்னொரு கடையில் இன்னொரு முறை உண்டு பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுங்கள். சமைப்பவரிடம் இது எப்படிச் செய்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த நட்புகளில் பல அந்த ஒரு கேள்வியில் தொடங்கியவை.

கடைசியாக நம் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் சருக்கரைப் பொங்கலோடு இடியாப்பமும் சொதியும் வைப்போம். பல்கலைக்கழகத்தில் பயிலும் திபெத்திய மாணவரையும் வடகிழக்கு மாணவரையும் முறையாக அழைத்து, உரலையும் அவர்கள் கையில் கொடுத்துப் பிழியச் சொல்வோம். மாவு பிசைய நான் ஆயத்தமாக இருக்கிறேன். கொதிநீர் போடவும் தேங்காய்ப்பால் எடுக்கவும் ஆட்கள் தேவை. விருப்பமுள்ளோர் மன்றச் செயலரிடம் பெயர் கொடுக்கலாம்.